துரைராஜா வைத்த காணிக்கைத் தக்காளி

பக்கத்து வளவுத் துரைராஜாவை மன்னித்துவிடும்படி போதகர் சொன்னார். ஓம் என்று தலையாட்டினேன். மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

என் வளவைப் பார்ப்பவர்களுக்கு அது தோட்டமா காடா என்று சந்தேகம் வரும். கத்தரிக்கு நடுவே செவ்வந்தி, பாகல் பந்தலுக்குக் கீழே கீரை, மூலையில் தேனீப் பெட்டிகள். பூச்சிக்கும் பங்கு, குருவிக்கும் பங்கு, மிச்சம் எனக்கு. பூச்சிமருந்து வாடையே ஆகாது. அதற்காகவே மானிப்பாய்ச் சனம் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போகும். துரைராஜாவுக்கு அது கண்ணைக் குத்தியது. தை மாதத்தில், காற்று என் பக்கம் வீசுகிற நேரம் பார்த்து வேலியோரம் மருந்தடித்தார். அந்தக் கிழமையே செவ்வந்தி கருகியது. தேனீக்கள் பெட்டி வாசலில் குவியலாகச் செத்துக் கிடந்தன. விளக்குமாற்றால் கூட்டி அள்ளினேன். கூட்டும்போதே, உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கேட்கப் போனால் மனிசன் சிரிக்கிறார்.

"நான் அடிச்சது வேப்பங்கொட்டைச் சாறு, வினிபிரட். குடிச்சாலும் ஒண்டும் செய்யாது. உம்மடை பூச்சிக்கு என்ன நோய் வருத்தமோ, ஆருக்குத் தெரியும்?"

சபையிலும் அதையே சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். பிறகு தன் வாசல் படலையில் 'நஞ்சில்லா மரக்கறி' என்று பலகையும் மாட்டினார். என்னிடம் வந்த சைக்கிள்கள் அங்கே நின்றன.

ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் எல்லாம் தெரியும். விற்கிற பாத்திகளுக்கு முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு அடிப்பார். குசினிக்குப் பின்னால் சின்னதாக ஒரு பாத்தி. அதற்கு ஒரு துளியும் போகாது. அது அவர் வீட்டுச் சமையலுக்கு. அதைக் கண்ட அன்றே எனக்கு வழி தெரிந்துவிட்டது. அறுவடைப் பண்டிகை வரட்டும் என்று இருந்தேன்.

அறுவடைப் பண்டிகைக்கு அவரவர் தோட்டத்தில் விளைந்ததைப் பீடத்தின் முன் காணிக்கையாக வைப்போம். ஆராதனை முடிய முற்றத்தில் அதை ஏலம் விடுவார்கள். துரைராஜா ஒரு பனையோலைக் கடகம் நிறையத் தக்காளிப்பழம் கொண்டுவந்தார். ஒரு புள்ளி இல்லை, ஒரு பூச்சிக்கடி இல்லை. முதல்நாள் பின்னேரம் அந்தத் தக்காளிப் பாத்திக்கு அவர் மருந்தடித்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தேன்.

ஏலம் கூறுகிற லெனாட் கடகத்தைத் தூக்கிக் காட்டினான். "துரைராஜா அண்ணையின்ரை தக்காளி. நஞ்சு படாத சாமான், கேளுங்கோ."

விட்டுக்கொடுக்காமல் விலை கேட்டு நானே எடுத்தேன். துரைராஜாவுக்கு வாயெல்லாம் பல். நான் சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

கடகத்தோடு நேரே, தேவாலயப் படியில் இருந்த அவருடைய மகள் நிஷானியிடம் போனேன். பிள்ளைத்தாச்சி, வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. பாவம், அவள் என்ன செய்தாள். ஆனாலும் போனேன்.

"இந்தா பிள்ளை, உனக்கெண்டுதான் எடுத்தனான். ஒண்டு கடிச்சுப் பார்."

"தாங்ஸ் அன்ரி." சிரித்துக்கொண்டே ஒரு பழத்தை எடுத்துச் சீலைத் தலைப்பில் துடைத்தாள். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துரைராஜா தான் இருந்த வாங்கைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவள் கையைத் தட்டிவிட்டார். பழம் படியில் விழுந்து சிதறியது.

"தின்னாதை பிள்ளை. நேற்றுத்தான் மருந்தடிச்சனான்."

லெனாட் அடுத்து ஏலம் கூற எடுத்த பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"குடிச்சாலும் ஒண்டும் செய்யாது எண்டனீங்கள், அண்ணை," என்றேன். சத்தம் போடவில்லை.

நிஷானிதான் கேட்டாள். "அப்பா, இதையோ ஆண்டவருக்கு வைச்சனீங்கள்?"

அவர் குனிந்து, படியில் சிதறிய பழத்தைப் பொறுக்கத் தொடங்கினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று போதகரிடம் சொல்ல முடியாது. தகப்பன் தட்டாவிட்டால் நானே தட்டியிருப்பேன் என்று மட்டும் சொன்னேன். போதகர் நம்பினாரோ தெரியாது.

அடுத்தநாள் விடிய துரைராஜா படலையடியில் நின்று பலகையைக் கழற்றினார். நான் வெறும் தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அவர் முடிக்கும்வரை பார்த்தேன். பலகையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"ஆணியையும் கழட்டுங்கோ, அண்ணை," என்றேன்.