விசாரிக்க வந்தவர்

“எம் பொண்ணு வேலைக்கே போனதில்லன்னு சொல்லச் சொல்லி உன்ன யாரு கேட்டது பிரிஜெட்டு?” தனக்கோடி போட்ட சத்தத்தில் பெங்களூர் ஜீவனஹள்ளியே திரும்பிப் பார்த்திருக்கும்.

“அந்த ஆளு கேட்டாரு தனா!” என் குரலும் ஒன்றும் குறைச்சலில்லை.

“கேட்டா? உள்ளத சொல்ல வாய் வரலியா? ஊரு கதையெல்லாம் பேச வருதில்ல?”

எதிர்வீட்டு மாடியில் மௌரீன், காய்ந்துபோன துண்டு ஒன்றை மூன்றாவது முறையாக உதறிக்கொண்டிருந்தாள். வேறு யார் வீட்டுச் சண்டையாக இருந்தாலும் அந்த வேலையை நான்தான் செய்திருப்பேன்.

பக்கத்து வீட்டுத் தனக்கோடியின் மகள் சங்கமித்ரா எம்.காம். படித்தவள். தொம்மலூரில் ஓர் அலுவலகம் இருக்கிறது; அரசாங்கமும் மாநகராட்சியும் வரிப்பணத்தை எதற்கு எப்படிச் செலவழிக்கின்றன என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவார்கள். அங்கே ஜூனியர் அனலிஸ்ட் வேலைக்கு ஒரே ஓர் இடம். அதற்காக ஒரு மாதம் பட்ஜெட் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தினாள். நாவல் படிக்கிற முகத்தோடு பட்ஜெட் படித்த பெண்ணை நான் அவளுக்கு முன்னால் பார்த்ததில்லை.

இன்டர்வியூ முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே அம்மாவிடம் நடித்துக் காட்டினாள். நான் என் ஜன்னலில் இருந்தேன். ஜன்னல் அங்கேதான் இருக்கிறது, நான் என்ன செய்ய?

“வெங்கடசுப்ரமணியன்னு ஒரு பெரியவரும்மா. ‘கார்ப்பரேஷனுக்குப் பணம் பத்தலன்னா முதல்ல எதுல கை வெப்பாங்க’ன்னாரு. பராமரிப்புல சார்ன்னேன். ஏன்னாரு. புது ரோடு போட்டா ரிப்பன் வெட்டலாம், சாக்கடைய தூர் வாரினா யாரு சார் ரிப்பன் வெட்டுவாங்கன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரும்மா!”

வேலை அவளுக்குத்தான் என்று இரண்டே நாளில் சொல்லிவிட்டார்கள். ஆள் வைத்து விசாரித்துவிட்டு ஆர்டர் அனுப்புவார்களாம். ஆனால் ஆர்டர் கைக்கு வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அப்பா முனியப்பன் கட்டளை போட்டுவிட்டார். யாரிடமும் என்றால் என்னிடம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

அடுத்த திங்கட்கிழமை வண்டியில் ஒருவர் வந்தார். முழுக்கைச் சட்டை, கையில் ஃபைல். முனியப்பன் வீடு பூட்டியிருக்க, நேரே என் ஜன்னலுக்கு வந்தார். சங்கமித்ரா எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாள், குணம் எப்படி, வேலைக்குப் போயிருக்கிறாளா என்று கேட்டார். வீட்டைப் படமும் எடுத்துக்கொண்டார்.

எங்கள் சந்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது என்னிடம்தான். இதே கேள்விகள், இதே வரிசை. என் நற்சாட்சியால் நான்கு கல்யாணம் நடந்திருக்கிறது. இப்போதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் ஏஜென்சி வைத்தும் விசாரிக்கிறார்கள். ஃபைலைப் பார்த்ததும், இது பெரிய இடம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சங்கமித்ரா காக்ஸ் டவுனில் ஆடிட்டர் சீனிவாசராகவனிடம் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். வீடு வர ராத்திரி எட்டாகும். அவர் திடீரென்று காலமானதும், ஒரு சான்றிதழ்கூடத் தராமல் அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். ராத்திரி எட்டு மணி சமாச்சாரத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லுவார்களா?

“வேலைக்கா? அது வாசப்படி தாண்டாத பொண்ணு சார். படிப்பு, வீடு, அவ்வளவுதான்,” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். காப்பி வேறு கொடுத்தேன்.

விண்ணப்பத்தில் அவள் அந்த இரண்டு வருஷத்தை எழுதியிருந்தாள். ஆடிட்டர் அலுவலக போனை எடுக்க ஆளில்லை. ஜன்னலில் இருந்தவளோ இல்லையென்று சாட்சி சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை வெங்கடசுப்ரமணியனே போன் செய்தாராம். “அனுபவமே தேவையில்லாத வேலைம்மா இது. ஒண்ணும் எழுதாம இருந்தாலும் உன்னை எடுத்திருப்போம். பொய் எழுதினதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.”

அதற்குத்தான் தனக்கோடி என் வாசலில் நின்று கத்தினாள். மகள் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“வாம்மா. ஆன்ட்டி எனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான் சொன்னாங்க.”

அவளும் திட்டியிருக்கலாம். நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஐந்தாம் நாள் பேசியிருப்பேன்.

மறுநாள் நானே பஸ் பிடித்துத் தொம்மலூர் போனேன். ரிசப்ஷனில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் அந்தப் பெரியவரே வெளியே வந்தார். நல்ல மனுஷர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. நான் எதைம்மா நம்பறது?”

அம்ருதா என்ற பெண்ணுக்கு ஆர்டர் போய்விட்டது என்று ரிசப்ஷன் பெண் மெதுவாகச் சொன்னாள்.

அதன்பிறகு சங்கமித்ரா வேறெங்கும் விண்ணப்பம் போடவில்லை. சொன்ன உண்மையே பொய்யாகிவிட்டால் வேறு எதை எழுதுவாள்? பட்ஜெட் புத்தகங்கள் பழைய பேப்பர்காரனின் தராசில் ஏறியதை நான் பார்த்தேன்.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரவிக்குமார், கோலார் தங்கவயல்காரன், ரயில்வேயில் இருக்கிறான். புத்த விகாரத்தில் எளிமையாக நடந்ததாம். பத்திரிகை என் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. மௌரீன் சொல்லித்தான் தெரியும். ஆடியில் முனியப்பனும் தனக்கோடியும் வீட்டைக் காலி செய்துகொண்டு லிங்கராஜபுரம் போனார்கள். சங்கமித்ரா தங்கவயலில் ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறாளாம். சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.