தேன்நிறக் கிண்ணம் பிறந்த ஊர்

வைகறைப் பனி காயல்நீர்மேல் வெண்துகிலெனப் படிந்து கிடக்க, உலைக்கூடங்களின் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாய் மூச்சுவிடத் தொடங்க, மீன்படகுகள் அசைந்தசைந்து கரைசேரும் இனிய வேளையில், முரானோத் தீவின் வடகரை வீடொன்றில், லொரெடானா என்னும் நங்கை, முந்தையநாள் சந்தையில் வாங்கிவந்த பழங்கிண்ணமொன்றைச் சாளரத்தின் ஒளியில் ஏந்தி இமைகொட்டாது நோக்கிநின்றாள். தேனும் ஊதாவும் தம்முட் கலந்தும் கலவாதும் சுழன்றோட, இடையே காற்றுக்குமிழிகள் உறைந்த மழைத்துளிகள்போல் நிரல்பட நின்ற அக்கிண்ணத்தை வடித்த கை எவருடையது என்னும் வேட்கை அவளை விடாது பற்றியிருந்தது.

வேட்கைக்கு வேறொரு காரணமும் உண்டு. அவள் கணவன் கஸ்தோனேயும் அவள் தம்பி அல்வீசேயும் ஒரே உலைமுன் தோளொட்டி நின்று கண்ணாடி ஊதியவர்கள். அல்வீசே போட்டி உலைக்குப் பெயர்ந்த நாள்முதல் ஒருவர் முகம் ஒருவர் நோக்காதவர்கள். மகளின் மணநாள் நெருங்கியும், தாய்மாமனை அழைக்கக் கஸ்தோனே இசையவில்லை. கிண்ணத்தைக் கண்ட அளவில் அவன், அது தன் உலையின் ஆக்கமே என்றான். அதைக் கேள்வியுற்ற அல்வீசேயோ, இல்லை, தன் உலையினதே என்று சொல்லியனுப்பினான். லொரெடானா இருவரையும் ஒரே மேசைமுன் அமர்த்தினாள்.

"அவன் உலைன்னா அவன் கல்யாணத்துக்கு வருவான். உங்க உலைன்னா உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பான். சரிதானே?"

தலையசைத்த கஸ்தோனே கரண்டியால் கிண்ணத்தை மெல்லத் தட்ட, கோயில்மணியின் கார்வைபோல் நெடிதொலித்தது அது. அவன் புருவம் சுருங்கியது. "நம்ம கண்ணாடி இவ்வளவு நேரம் பாடாதே."

அல்வீசே விளிம்பை விரலால் தடவினான். "இதைத் தீயில வாட்டலையே. ஆறினப்புறம் சக்கரத்துல தேய்ச்சிருக்கான். நம்ம தீவுல எவன் இப்படிச் செய்வான்?"

"உன் புது முதலாளி செய்வாரு!"

சொற்போர் மூளுமுன், லொரெடானா கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த பழந்துணியைக் கத்தியால் உரித்தாள். நுண்ணிய எழுத்துகள் சில தோன்றின. அவற்றுள் ஒன்றன் தலையில் சிறுகொக்கி. இத்தீவில் மணம்புரிந்து வாழும் செக் நாட்டுப் பெண்ணாகிய அண்டைவீட்டு யார்மிலாவை அவள் கூவியழைக்க, துணி உலர்த்திய ஈரக்கையோடு வந்தவள் எழுத்தைக் கண்டு நகைத்தாள்.

"அட, இது எங்க ஊரு எழுத்து, அக்கா! யெர்ஷாபோவ்னு போட்டிருக்கு. எங்க மலைப்பக்கம் இருந்த கண்ணாடிக்கூடம். பாவம், ரெண்டு பேரு உலையும் இல்லையா?"

எவரையும் நோக்காமலே அல்வீசே வினவினான்: "இந்தக் குமிழை எப்படி இவ்வளவு வரிசையா நிறுத்தினான், மச்சான்?"

கஸ்தோனே அறியாமலே அவன் கைகள் காற்றில் ஊதுகுழலை உருட்டின. "முள்ளு அச்சுல அழுத்திட்டு, மேல இன்னொரு அடுக்குக் கண்ணாடி எடுத்திருப்பான். இல்லை, அப்போ ஊதா கலைஞ்சிருக்குமே..."

"அதான் எனக்கும் புரியலை."

"ரெண்டு பேரும் தோத்தாச்சு," என்றாள் லொரெடானா. "தோத்தவங்க ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க. கல்யாணத்துலயும் அப்படித்தான்."

கஸ்தோனே கிண்ணத்தைத் தன்பக்கம் திருப்பி, "வரட்டும். இதுக்கு விடை தெரியாம இவனை விடமாட்டேன்," என்றான்.

சோளக்களியும் பொரித்த மீனும் ஆறிக்கொண்டிருக்க, இரு தலைகளும் கிண்ணத்தின்மேல் ஒன்றையொன்று தொடுமளவு கவிந்தன. தமது திறம் பேசியபோது பிரிந்தே நின்ற அவ்விருவரையும், தொலைமலையில் என்றோ உலைமுன் வியர்த்து நின்ற, பேரறியா ஒருவனின் திறம் அருகருகே அமர்த்திற்று. அவனோ அதை ஒருநாளும் அறியப்போவதில்லை.