சிவபிரகாஷின் கூறு

கோயில் திருவிழாவில் கிடா வெட்டி முடித்ததும் எங்கள் ஊரில் தலைக்கட்டுக்கு, அதாவது கல்யாணமான ஆம்பளைக்கு, ஒரு கூறாகக் கறியைத் தேக்கிலையில் பிரித்து வைப்பார்கள். மாணிக்கம் மாமா பேர் கூப்பிடுவார். பேருக்கு உரியவர் "இருக்கேனுங்க" என்று சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆள் வெளியூர் போயிருந்தால், வீட்டிலிருந்து யாராவது "வந்துருவாருங்க" என்றால் போதும், கூறு உண்டு. யாரும் வாய் திறக்காவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். எடுத்த பேர் செத்த பேர்தான்.

என் புருஷன் சிவபிரகாஷ் போர்வெல் போடுகிற லாரியில் ராய்ப்பூர் பக்கம் போய் ஐந்து வருஷம் ஆகிறது. நான்காம் மாதத்திலிருந்து போன் இல்லை. லாரிக்காரரைக் கேட்டால், பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான் என்கிறார். திரும்பி வருவார் என்று நானே நம்பவில்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை அவர் பேரை ஊருக்கு நடுவே சத்தமாகக் கூப்பிடுவார்கள், நான் பதில் சொல்வேன். அந்த ஒரு நாள் அவர் உயிரோடு இருந்தார். அது எனக்கு வேண்டியிருந்தது. பைத்தியம் என்று சொல்லுங்கள், எனக்கென்ன.

இந்த வருஷம், எங்களுக்கு முந்தின பேரான முத்தன் தன் கூறை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"சிவபிரகாஷ்!"

"இருக்கேனுங்க" என்றேன்.

எப்படி வந்ததென்று தெரியவில்லை. இளவட்டங்கள் சிரித்தார்கள். நன்றாகச் சிரிக்கட்டும், வாய் சுளுக்கிக்கொள்ளட்டும்.

மாணிக்கம் மாமா சிரிக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

"நீ இருக்கறது தெரியுது கண்ணு. அவன் இருக்கானா, அதச் சொல்லு."

நாலு வருஷமாக யாரும் அப்படிக் கேட்டதில்லை. பேர் வரும், வழக்கமான சொல்லைச் சொல்லிவிடுவேன். இப்போது நேராகக் கேட்டுவிட்டார். பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் வாயில் வரவில்லை.

"சொல்லு சாமி. எல்லாரும் நிக்கறாங்கல்ல."

நான் எங்கள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விட்ட இடத்தைப் பிடிக்க அவர் முந்தின பேரிலிருந்து மறுபடி தொடங்கினார். "முத்தன், சின்னராசு." இரண்டு பேருக்கும் நடுவே மூச்சுவிடக்கூட இடம் இல்லை. எப்போதும் அடுத்த ஆள் தான்தான் என்பது போலச் சின்னராசு வந்து எடுத்தார். எங்கள் இலையில் இருந்த கறியை மற்ற இலைகளில் துண்டு துண்டாகப் போட்டார்கள். பங்கு சரியாக வந்தது. யாருக்கும் எதுவும் குறையவில்லை.

அவரைச் சொல்ல வேண்டிய வாய் என்னைச் சொல்லிவிட்டது. அந்த வரிசையில் என் பேர் என்றைக்கும் இருந்ததில்லை. இனி அவர் பேரும் இல்லை.