எபெனேசர் காப்பி என்று குடித்த மீன்

என் மீனை நாட்டின் மீன் பட்டியலிலிருந்து அடித்துவிட ஒரு பெண் தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருகிறாள் என்ற செய்தி, எனக்கு முன்னால் எங்கள் ஊர் வெந்நீர்த் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஸ்கார்ஃப்விக்கில் எந்தச் செய்தியும் முதலில் அங்கேதான் போகும். நீச்சல்குளத்தை ஒட்டி, பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரை நிரப்பிய வட்டத் தொட்டி அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் தினமும் காலையில் கழுத்துவரை அதில் மூழ்கி, தலையில் பனி விழ விழ, நாட்டை ஆண்டுகொண்டிருக்கிறோம். அன்று நான் போய் இறங்கியபோது தண்ணீர் ஏற்கெனவே என் விவகாரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆஸ்க்ரிமுர், உன் மீனுக்குச் சாவு வந்துருச்சு" என்றாள் கோல்ஃபின்னா. துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவள். அவள் குரலுக்குப் பயந்தே விலை ஒரு படி ஏறி நிற்கும்.

"அது எப்பவோ செத்துருச்சே. எபெனேசர் வயித்துலதான அடக்கம் பண்ணோம்" என்றான் சிக்வாட்டுர். இவன் லாரி ஓட்டியவன். படகின் படத்தைப் பார்த்தாலே வாந்தி எடுப்பான்.

விஷயம் இதுதான். இளமையில் நான் எபெனேசரின் படகில் விசிறிச் சிப்பி அள்ளப் போனேன். இரும்பு வலையைக் கடலடியில் இழுத்துத் தூக்கினால் சிப்பி மலைமலையாக வரும். அது அப்படியே தொழிற்சாலைக்குப் போகும். அங்கே ஆவியில் வாய் பிளக்கும். சதை டப்பாவுக்கு, மற்றதெல்லாம் சாக்கடை வழியாகத் திரும்பக் கடலுக்கு. கையால் சிப்பி திறக்கிறவன் எவனும் கிடையாது. நான் திறந்தேன். ஏனென்றால் எபெனேசரின் படகில் காலைச் சாப்பாடு காய்ந்த மீனும் வெண்ணெயும். மாற்றம் வேண்டுமென்று கேட்டால் ராத்திரிக்கு வெண்ணெயும் காய்ந்த மீனும்.

பசி தாங்காமல் ஒரு சிப்பியைக் கத்தியால் பிளந்தேன். உள்ளே ஒரு மீன் இருந்தது. உயிரோடிருக்கிற சிப்பிக்குள் உயிரோடு ஒரு மீன். நசுங்கவில்லை, செரிக்கவில்லை. கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டாயே என்று கேட்கிற வாடகைக்காரனைப் போல என்னைப் பார்த்தது. விரல் நீளம். அழுக்கு மஞ்சள், அதில் மங்கலாகக் கோடுகள். தொட்டால் கொழகொழ. வயிற்றில் சட்டைப் பொத்தான் மாதிரி ஓர் உறிஞ்சி.

காப்பிக் குவளையில் கடல்நீர் மொண்டு அதில் மீனை விட்டேன். குவளையை எபெனேசரின் பக்கத்தில் வைத்துவிட்டு வலையைத் தூக்கப் போனேன். திரும்பி வந்தபோது குவளை காலி. எபெனேசர் மீசையைத் துடைத்துக்கொண்டு, "காப்பி ஆறிப்போச்சு, உப்பும் தூக்கல்" என்றார். அவ்வளவுதான் அந்த மீனுக்கு நடந்த இறுதிச் சடங்கு.

அந்த வாரம் ஊருக்கு வந்திருந்த ஒரு மீன் ஆராய்ச்சியாளர், பாவம், சீக்கிரம் நம்புகிற மனிதர். நான் சொன்னதைக் கேட்டுப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தார். நான் சொன்னதை இந்த நாடு அச்சடித்தது அந்த ஒரு தடவைதான். அதனால் அந்த மீனை மட்டும் நான் வளர்க்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் வளர்த்திருக்கிறேன். நான் பிடித்த ஹாலிபட் மீனை வெட்டுவதற்கு மாதாகோயில் கதவைக் கழற்றிக் கிடத்த வேண்டியிருந்தது. நான் தப்பித்து வந்த அலையின் உச்சியில் கடற்பறவைகள் கூடு கட்டியிருந்தன. ஆனால் அச்சில் இருக்கும் மீனுக்கு எப்படித் தீனி போடுவது? அது விரல் நீளமாகவே இருந்தது. எனக்கு அது ஒன்றுதான் அப்படி.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்து சேர்ந்தவள் பெயர் ஸ்டெய்ன்வோர். அவளும் முறைப்படி குளித்துவிட்டு, நீச்சலுடையில் தொட்டிக்குள் இறங்கினாள். கையில், முக்குளிக்கிறவர்கள் தண்ணீருக்கடியில் எழுதுகிற பிளாஸ்டிக் பலகை. எனக்கு மகள் வயது. எங்கள் நாட்டில் ஜனாதிபதிக்கே 'நீ'தான் என்பதால் எனக்கும் நீதான்.

"பட்டியல் முழுசையும் சரிபார்த்து புதுசாப் போடறோம், ஆஸ்க்ரிமுர். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு மாதிரி இருக்கணும், இல்ல போட்டோ இருக்கணும், அதுவும் இல்லன்னா நம்பற மாதிரி ஒரு சாட்சி இருக்கணும். உன் மீனுக்கு முதல் ரெண்டும் இல்ல. மூணாவதப் பத்தி வர்ற வழியில பெட்ரோல் பங்க்ல விசாரிச்சேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. ஒருத்தர் உக்காந்து சிரிச்சார்."

இந்த இடத்தில்தான் என் நண்பர்கள் எனக்கு உதவுவதென்று முடிவு செய்தார்கள்.

"நான் பாத்திருக்கேன் அந்த மீனை" என்றாள் கோல்ஃபின்னா, ஏலக் குரலில். "இதோ, என் முழங்கை வரைக்கும் இருந்துச்சு. வெள்ளி மாதிரி மின்னும்."

"விரல் நீளம்" என்றேன் நான். "மின்னல. அழுக்கு மஞ்சள்."

"நான் தொட்டே பாத்தேன்" என்றான் சிக்வாட்டுர். "குரைச்சுது."

ஸ்டெய்ன்வோர் நிமிர்ந்தாள். "எது?"

"மீன்தான். பெரிய நாய் மாதிரி இல்ல. குட்டி நாய் மாதிரி, மெதுவா."

"குரைக்கல" என்றேன். "இவன் படகுலயே ஏறினதில்ல. அது விரல் நீளம்தான். பாக்கறதுக்கு அழகாக்கூட இருக்காது."

"அடக்கமா பேசறான்" என்றாள் கோல்ஃபின்னா.

"இவனா? பெட்ரோல் பங்க்ல யாரும் அப்படிச் சொல்லலையே" என்றாள் ஸ்டெய்ன்வோர்.

தண்ணீருக்கடியில் கோல்ஃபின்னா என் கணுக்காலில் ஓர் உதை விட்டாள். வாயை மூடு, உனக்காகத்தானே பொய் சொல்கிறோம் என்று அந்த உதைக்கு அர்த்தம். எனக்கு வியர்த்தது. ஏலம் ஆரம்பமாகிவிட்டது, அவர்கள் ஏற்ற, நான் இறக்க. கோல்ஃபின்னா அதற்குச் சிவப்புத் துடுப்பு வைத்தாள்; நான் பிடுங்கிப் போட்டேன். சிக்வாட்டுர் பற்கள் வைத்தான், ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எழுபதைத் தாண்டிய இந்த வயதில், என் வாயாலேயே ஒரு மீனைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வேண்டாம்.

"போதும்" என்று ஸ்டெய்ன்வோர் பலகையைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தீவைச் சுத்தி ஒரு துறைமுகம் விடாம மீன் கதை கேட்டிருக்கேன். சொல்லச் சொல்ல எல்லார் கையும் விரிஞ்சுக்கிட்டேதான் போகும். மீனைச் சின்னதாக்கறதுக்குச் சண்டை போடற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அப்ப நம்பறியா?"

"இது ஆதாரம் இல்ல. ஆனா தேடிப் பாக்கறதுக்கு இது போதும்." விரிகுடாவில் அப்போது சிப்பி அள்ளத் தடை. எத்தனை மிச்சமிருக்கிறது என்று கணக்கெடுக்கும் ஆராய்ச்சிப் படகு மறுநாள் எங்கள் துறைமுகத்துக்கு வர இருந்தது. "கொஞ்சம் சிப்பியை எனக்குக் குடுக்கச் சொல்றேன். கையாலயே திறப்போம். ஆனா இத இப்பவே சொல்லிடறேன். நாளைக்குக் கிடைக்கலன்னா அந்த வரியை அடிச்சிருவேன். அச்சகத்துல காத்திருக்காங்க."

கழுத்துவரை வெந்நீரில் இருந்துகொண்டே எனக்குக் குளிரெடுத்தது.

மறுநாள் துறைமுகத்தில் அடித்த காற்றில் எங்கள் ஊர் ஆடுகள் அடுத்த ஊரில் போய் மேய்ந்துவிட்டு வந்தன. மீன் இறக்கும் கொட்டகையில் நான்கு பேரும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, கடல்நீர் நிரப்பிய பெரிய தொட்டிகளைச் சுற்றி நின்றோம். சிப்பியைத் தண்ணீருக்குள் வைத்தே திறக்க வேண்டுமென்று ஸ்டெய்ன்வோர் உத்தரவு. உள்ளே இருப்பது நழுவினாலும் தொட்டிக்குள்தானே நழுவும். காப்பிக் குடுவையை அவளே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையின் மறுகோடியில் வைத்துவிட்டு வந்தாள்.

திறந்தோம். திறந்துகொண்டே இருந்தோம். கோல்ஃபின்னா கத்தியைச் செருகி ஒரு திருகு திருகினால் சிப்பி அவளுக்குப் பயந்து தானே கதவைத் திறக்கும். உள்ளே சதை, மணல், ஒரு புழு, நகத்தளவு நட்சத்திர மீன். ஸ்டெய்ன்வோர் ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி "அட, நீ இங்கயா இருக்க" என்பாள். மீனைப் பட்டியலிலிருந்து அடிக்க வந்தவள் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு வெறும் சிப்பிக்கும் அச்சில் என் வரியிலிருந்து ஓர் எழுத்து உதிர்வது போலிருந்தது.

"எனக்குப் புரியாதது என்னன்னா" என்றாள், கத்தியை நிறுத்தாமல், "அது வெளிய போய்ச் சாப்பிட்டுத்தான வரணும்? திரும்பி வர்றப்ப சிப்பி மூடியிருந்தா என்ன பண்ணும்?"

"தட்டும்."

"சிரிக்காம சொல்லு. நீ திறந்தப்ப அது எப்படி இருந்துச்சு? வாய் வெளிப்பக்கமா, உள்பக்கமா?"

என் கை நின்றுவிட்டது. இத்தனை காலத்தில் எவனும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. எவ்வளவு நீளம், எவ்வளவு எடை, எபெனேசருக்கு வயிறு வலித்ததா, இவ்வளவுதான் கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படகுக்கே திரும்பப் போனேன். குளிர், டீசல் நாற்றம், கையில் பிளந்த சிப்பி.

"சுருண்டிருந்துச்சு" என்றேன். "வால் வந்து மூக்கைத் தொட்டுக்கிட்டு. வீட்டைச் சூடாக்கற ரேடியேட்டர் பக்கத்துல பூனை படுத்திருக்குமே, அது மாதிரி."

அவள் பலகையை எடுத்து அதை எழுதிக்கொண்டாள்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. மலைபோல் குவித்த சிப்பியில் ஒரு கூடை மிச்சம். கோல்ஃபின்னா பேச்சை நிறுத்தியிருந்தாள். ஊரில் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிற விஷயம் அது.

"இங்க ஒண்ணு இருக்கு" என்றான் சிக்வாட்டுர்.

"குரைக்குதா?" என்றாள் கோல்ஃபின்னா, திரும்பாமலேயே.

"இல்ல." அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. "ரொம்பச் சின்னது."

ஸ்டெய்ன்வோர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் கையில் பாதி திறந்த சிப்பியைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்தான். உள்ளே, சிப்பியின் மெல்லிய விளிம்புக்கும் சதைக்கும் நடுவில், அழுக்கு மஞ்சளாக ஒன்று சுருண்டு கிடந்தது. வால் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அது ஒரு கண்ணைத் திருப்பி எங்களைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. என் மனைவி இதை நம்ப மாட்டாள்.

"பூனை மாதிரியேதான்" என்றாள் ஸ்டெய்ன்வோர், மெல்ல. மூக்கு தண்ணீரில் முட்டுமளவு குனிந்திருந்தாள். "பட்டியல்ல உன்னை எங்க வைக்கிறது? உன் சொந்தக்காரங்க எல்லாம் பாசியில ஒட்டிக்கிட்டுத்தான இருக்காங்க. நீ மட்டும் எப்ப வீடு பாத்து வந்த?"

போட்டோ எடுத்தாள். அப்புறம் தட்டையான கிண்ணத்துக்கு மாற்றி, மீன் தானாக நீண்டு படுக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பக்கத்தில் அளவுகோலை வைத்தாள்.

கோல்ஃபின்னா எட்டிப் பார்த்தாள். அளவுகோலைப் பார்த்தாள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தாள். மீன் என் விரலில் பாதிக்கு வந்து நின்றுவிட்டது.

"ஆஸ்க்ரிமுர்" என்றாள். "இதையுமாடா நீ விட்டு வைக்கல?"

"இது குட்டி" என்றேன். "எபெனேசர் குடிச்சது இதோட பாட்டி."

"குளிர்ல எல்லாம் சுருங்கத்தான செய்யும்" என்றான் சிக்வாட்டுர், எனக்குத் துணையாக. கோல்ஃபின்னா தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், விரிகுடாவுக்கு அந்தப்பக்கம் சீல்கள் பாறையிலிருந்து குதித்து ஓடின.

ஸ்டெய்ன்வோரும்தான் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையைத் திரும்ப எடுத்தாள். "வரி அப்படியே இருக்கும். இனிமே யாரும் அடிக்க முடியாது. ஒரு கட்டம் மட்டும் பாக்கி. 'இதுவரை கண்ட அதிகபட்ச நீளம்.' சுருண்டு படுக்கறது வரைக்கும் சரியாச் சொல்லியிருக்க. அதனால உன்னைச் சாட்சியா எடுத்துக்கலாம். பழைய மீன் விரல் நீளம்தான்னு நீ சொன்னா, அதையே போட்டுடறேன்." பென்சிலை எனக்காக நிறுத்திப் பிடித்தாள். "சொல்லு."

என் விரலைப் பார்த்தேன். கிண்ணத்தைப் பார்த்தேன். மீன் வாலை மறுபடி மூக்குக்குக் கொண்டுவந்து, காணாமல் போன கதவைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு நாட்டின் பட்டியலே என் வாய்க்காகக் காத்திருந்த அந்த நேரம் எவ்வளவு ருசியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"அளந்ததைப் போடு" என்றேன்.

"நெஜமாவா?"

"நீ அளந்ததை எழுது, ஸ்டெய்ன்வோர். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

எழுதினாள். நான் கையுறையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மாதாகோயில் முனையில் ஒருவனும், ரொட்டிக் கடை வாசலில் இருவரும் நிறுத்தி, கிடைத்ததா என்று கேட்டார்கள். என் வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் மீன் என் முழங்கையைத் தாண்டியிருந்தது.