போக ஆறு, வர ஒன்று

டிக்கெட்டை ரத்து செய்வதென்று முடிவெடுத்த பிறகும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு மனசு ஆறவில்லை. ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் அவர் எல்லாருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்தான். டிராவல்ஸ் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் மனைவி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் கோபம் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம்.

மகளுக்கு அடுத்த வாரம் தலைப்பிரசவம். வெளிநாட்டில் தனியாக இருக்கிறாள். ஆனால் போன மாதம்தான் மனைவியின் காலில் ரத்தம் கட்டிச் சரியாகியிருந்தது. "நாலு மணி நேரத்துக்குள்ள போய்ச் சேர்ற விமானம்னா போகலாம். அதுக்கு மேல வேண்டாம்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டிக்கெட்டிலோ புறப்பாடு காலை 9.10, சேர்வது பிற்பகல் 3.10. கழித்தால் ஆறு மணி நேரம்.

"ரத்து பண்ணிடலாம்மா" என்றார் கவுன்டர் பெண்ணிடம். "ஆறு மணி நேரம் இவளால உக்கார முடியாது."

"ஆறு மணி நேரமா? திரும்பி வர்ற டிக்கெட்டப் பாத்தீங்களா சார்?"

அதை அவர் பார்த்திருக்கவில்லை. போவதே இல்லையென்றானபின் வருவதை எதற்குப் பார்ப்பது? இப்போது பார்த்தார். புறப்பாடு மாலை 4.30. சேர்வது 5.30.

"ஒரு மணி நேரந்தானா?" கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "போறப்ப ஆறு, வர்றப்ப ஒண்ணா? அச்சுப் பிழையா இருக்கும்."

மனைவி முதல்முறையாக வாய் திறந்தாள். "வர்றப்ப இறக்கம் போல."

கவுன்டர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "புறப்படுற நேரம் புறப்படுற ஊர்க் கடிகாரப்படி சார். சேர்ற நேரம் சேர்ற ஊர்க் கடிகாரப்படி."

அவர் வேலை பார்த்த ரயில் பாதையில் எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போனாலும் ஒரே கடிகாரம்தான். அட்டவணையில் இரண்டு கடிகாரங்கள் கலந்திருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அந்த ஊர்க் கடிகாரம் முந்தி ஓடுகிறது. அதனால்தான் போகும்போது கணக்கில் கூடுகிறது. வரும்போது அதே அளவு குறைகிறது. அப்படியானால் இரண்டையும் கூட்டினால் கடிகார வித்தியாசம் அடிபட்டுப் போகும். ஆறும் ஒன்றும் ஏழு. அதில் பாதி, மூன்றரை.

"தூரம் எவ்வளவும்மா?"

"ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சார்."

"மணிக்கு எண்ணூறு போகும்னு வச்சா..." பென்சில் நின்றது. மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. ஏற, இறங்கச் சில நிமிடம். விடை கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் மெல்ல இறங்கியது.

"மூணரை மணி நேரந்தான்" என்றார் மனைவியிடம். "டாக்டர் சொன்னதுக்கு அரை மணி கம்மி. நடுவுல எழுந்து நாலு தடவ நடந்துட்டு வா."

"நடக்குறேன். பெட்டியக் கட்டினேன், பிரிச்சேன். மறுபடியும் நீங்கதான் கட்டணும்."

"கட்டுறேன்."

"டிக்கெட் அப்படியே இருக்கட்டுமா சார்?" என்றாள் கவுன்டர் பெண்.

"இருக்கட்டும்மா." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இறங்கினதும் இத ரெண்டரை மணி நேரம் முன்னால தள்ளி வைக்கணும்."

"ஞாபகமா தள்ளுங்க" என்று எழுந்தாள் மனைவி. "இல்லன்னா கொழந்த பொறந்த நேரத்தையும் தப்பா எழுதி வைப்பீங்க."