‘வாறன்’ சொல்லாமல் போனவர்

“மகளின்ரை கலியாணத்துக்கு ஆறு கிழமை கிடக்கு, உங்களுக்கு இப்ப ஒட்டகம் பாக்கவேணுமோ?” என்று பிளோறன்ஸ் கத்தியது பீலெஃபெல்ட்டில் அந்தக் கட்டடத்தின் நாலு மாடிக்கும் கேட்டது.

“ஒட்டகமில்லை, பட்டுப்பாதை!” என்றார் கணவர் கொட்வின்.

“பட்டுத்தான் தெளியப் போறியள்!”

“போறன்!”

“போங்கோ!”

அதனால்தான் பட்டுப்பாதையில் புகாராவிலிருந்து கீவாவுக்குப் போகும் பாலைவன வழி கொட்வினுக்கு மட்டும் ஒருவழிப் பாதையாகிப் போனது. போகும்போது ஒரு குறையுமில்லை. பழைய வணிகர் தங்கிய சத்திரங்களும் வெட்டிய முலாம்பழங்களும் படங்களாக வீட்டுக்கு வந்தபடி இருந்தன. திரும்பும்போது, கூடப் போன ஜெர்மன்காரர்களோடு பஸ் வந்து சேர்ந்தது. கொட்வினின் இருக்கை மட்டும் அவரையும் வைத்துக்கொண்டு பாதிவழித் தேநீர்க்கடை வாசலிலேயே நின்றுவிட்டது. கீவாப் பக்கம் பார்த்தால் தார் வீதி, புகாராப் பக்கம் பார்த்தால் வெறும் மணல். பிளோறன்ஸுக்குத் தூதரகத்தில் சந்திக்க ஒரு டெர்மின் கிடைத்தது. கடவுச்சீட்டில் பிழையில்லை, வீதிதான் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். பிளோறன்ஸ் அந்தோனியாருக்கு நேர்ந்தார். தொலைந்த சாவியை எடுத்துத் தருபவர், தொலைந்த வீதிக்கு என்ன செய்வார், பாவம்.

கடைசியில் வழி சொன்னவர் மேல்வீட்டுச் சந்திரகாந்தி. சண்டையன்று படிக்கட்டில் தற்செயலாக நின்றவர். எப்போதும் தற்செயலாகத்தான் நிற்பார்.

“போகேக்கை அண்ணை ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லேல்லையெல்லோ? பிறகு எப்பிடி வாறது?”

கொட்வினுக்குப் போன் எடுத்து, அவர் புறப்பட்ட வாசற்படியிலேயே அதை வைத்தார்கள். சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்த சரித்திரம் கொட்வினுக்கு இல்லை. இரண்டு நாள் வெயிலில் வெந்த பிறகு, “போட்டு வாறன்” என்று முணுமுணுத்தார். மணல் அசையவில்லை.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள் அக்கா?” என்று, தெரிந்துகொண்டே கேட்டார் சந்திரகாந்தி.

பிளோறன்ஸுக்கு முகம் சிவந்தது. அப்பாவின் கை இல்லாமல் மகள் அன்னா கோயிலுக்குள் நடந்து வருவதை நினைத்தார். வீம்பை விழுங்கிக்கொண்டு, “ஓம், போட்டு வாங்கோ” என்றார்.

“இஞ்சேரும், றோட்டு வந்திட்டுது!” என்று போன் அலறியது. பிளோறன்ஸ் படியிலேயே இருந்து அழுதார், சிரித்தார், பிறகு மண்டபக்காரனுக்குப் போன் எடுத்தார். கொட்வின் இருக்கையோடுதான் வந்து சேர்ந்தார். அது இப்போது பால்கனியில் கிடக்கிறது, இருக்க நல்ல சுகம்.

அன்னா றெக்ஸைக் கலியாணம் கட்டிக்கொண்டு பிராங்பேர்ட்டுக்குப் போனாள். காரில் ஏறி “ச்சூஸ்” என்று ஜெர்மனில் விடைபெற்றவளை மறித்து, ‘போட்டு வாறன்’ சொல்லவைத்துத்தான் விட்டார்கள். மாதத்தில் இரண்டுதரம் வருகிறாள். சந்திரகாந்தியும் மகனோடு இருக்க வால்டோர்ஃபுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவரும் படியில் நின்று வாய் நிறைய ‘வாறன்’ சொல்லிவிட்டே போனவர். கிழமைதோறும் வந்துவிடுகிறார், யாராலும் ஒன்றும் செய்ய ஏலாது.