செவ்வாய்க்கிழமை மூன்று இருபது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பழைய நாளிதழ்த் துண்டில் பிறந்தது. விமானிகளின் சம்பளம் கம்பெனி லாபத்தை விழுங்குகிறது என்று அதில் போட்டிருந்தார்கள். அடடா, வில்லன் சிக்கிவிட்டான் என்று பேனாவைத் திறந்தேன்.

கேப்டன் தன் தங்கக் கடிகாரத்தைத் திருப்பியபடி ஏணியில்...

(செத்த வரி. எந்தக் கேப்டனையும் நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் அடிக்க மனமில்லை, கிடக்கட்டும்.)

2

ஆகவே டிக்கெட் கவுண்டருக்கு வருகிறேன். மதுரை, 1979. முத்துத்தாய், கோச்சடைக்காரி. நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு விமானக் கம்பெனியில் டிக்கெட்டும் டைப்ரைட்டரும் அவள் பொறுப்பு. வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள்.

மேனேஜர் கண்ணுச்சாமி ஒரு தாளை நீட்டினார். "விமானிகள் சம்பளம் உயர்ந்ததால் மட்டுமே மதுரை விமானம் நஷ்டம், நிறுத்தலாம்" என்று மெட்ராஸ் ஆபீஸ் எழுதியிருந்தது. வேறு குறை ஏதும் இல்லையென்று கவுண்டர்க்காரி கையெழுத்திட வேண்டும்.

"போட்ரும்மா. போட்டா ஒனக்கு மட்டும் மெட்ராஸ்ல வேலை."

இங்கே அவளை ஒரு புனிதவதியாக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"சம்பளம் சாஸ்திதான் சார். பைலட்டு ஒரு மாசம் வாங்குறது எனக்கு ஒரு வருசம். வயிறு எரியத்தான் செய்யிது. ஆனா சனிக்கெழமையும் அதே ஆளுதானே ஓட்டுறாரு?"

3

வாரம் இரண்டே விமானம், இரண்டும் மாலை மூன்று இருபதுக்கு. சனிக்கிழமை நாற்பது இருக்கையில் முப்பத்தாறு பேர். செவ்வாய்க்கிழமை ஒன்பது.*

* செவ்வாயன்று மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம். சோழவந்தான் வெற்றிலை வியாபாரி பேயாண்டி பெட்டியோடு வந்து, "நாலரைக்கு மேல எடுக்கச் சொல்லுத்தா" என்பார். விமானம் மேலே போவதை நிதானமாகப் பார்த்துவிட்டு ரயிலுக்குப் போவார். இதை நான் மிகைப்படுத்தவில்லை, குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

4

முத்துத்தாய் அந்தத் தாளைக் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தாள். ஒரு வருடத்துச் செவ்வாய்க் கணக்கையும் சனிக் கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் தட்டச்சு செய்து, அடியில் எழுதினாள்: "சம்பளமும் ஒரு காரணம். புறப்படும் நேரம் பெரிய காரணம். நேரத்தை மாற்றிப் பார்க்கவும்."

கண்ணுச்சாமிக்கு வியர்த்துவிட்டது. "ஆத்தா, வம்பு வேணாம். ஆளக் குறைக்கிற லிஸ்ட்டும் இன்னைக்கே போகணும். இதுல கையெழுத்து இல்லேன்னா அதுல மொதப் பேரு ஒம் பேருதான்."

அவளுக்குப் பயமாக இருந்தது. (பயமில்லை என்று முதலில் எழுதினேன். பொய்.)

"லிஸ்ட்டக் குடுங்க சார். டைப் அடிக்கிறதுக்கும் நாந்தானே இருக்கேன்."

தன் பெயரை முதலில் அடித்தாள், எழுத்துப்பிழை இல்லாமல். கணக்குத் தாளையும் லிஸ்ட்டையும் ஒரே உறையில் போட்டு ஒட்டினாள்.

5

முடிவு அ: நேரம் மாறுகிறது, பேயாண்டி முதல்முறையாகப் பறக்கிறார்.

முடிவு ஆ: விமானம் நிற்கிறது, முத்துத்தாய்...

இரண்டையும் எழுத முடிந்தது. எதிலும் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. அவள் தன் பங்கைச் செய்து முடித்துவிட்டாள். உறை மெட்ராஸ் வந்துவிட்டது; உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. உள்ளே இரண்டு தாள். எதில் கையெழுத்துப் போடப்போகிறீர்கள், சார்?